மண்ணை நோண்டுகிற படிப்பு

சென்ற வருடம் பல்கலைக்கழக இடங்களுக்கான முடிவு வந்த அன்று மாலை, பக்கத்து வீட்டுத் தம்பி என் வாசலில் வந்து நின்றார். கையில் போன், முகம் வாடியிருந்தது. மகளுக்கு இடம் கிடைக்கவில்லையோ என்று நினைத்துவிட்டேன். கிடைத்திருந்தது. செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்தில், விவசாய அறிவியல்.

"எங்க தாத்தா மண்ணுல கெடந்தாரு. எங்கப்பா மண்ணுல கெடந்தாரு. நானும் முப்பது வருசமா செம்பனை வெட்டுறேன். இவளாச்சும் ஏசியில உக்காருவான்னு பாத்தா, மண்ண நோண்டுற படிப்புக்குப் போறாளாம் சார்" என்றார்.

உட்காரச் சொல்லி தேநீர் கொடுத்தேன். அன்று அவரிடம் என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி ஒரு வருடமாக மனத்தில் கிடக்கிறது. இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பீடோங். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் நடுவில். சுற்றிலும் தோட்டங்கள், ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. ஹார்வர்ட் என்ற பெயரை நாங்கள் சிறுவயதில் கேட்டது ஒரு தோட்டத்தின் பெயராகத்தான். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அதற்குத் தமிழ்ப்பள்ளிகள்கூட உண்டு. அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதை இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகம் என்றால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்று கதவுகள். டாக்டர், லாயர், இன்ஜினியர். நாலாவதாக ஒரு சின்னக் கதவு உண்டு, வாத்தியார். நான் அந்த நாலாவதில் நுழைந்தவன். அந்த மூன்றையும் குறைத்துப் பேச மாட்டேன். லயத்தில் ஒரு பிள்ளை டாக்டரானால் அந்த வீட்டுக்கு மட்டுமா பெருமை, தோட்டத்துக்கே பெருமை. ஆனால் பல்கலைக்கழகத்தில் வேறு என்னதான் நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் நான் படித்தபோது, வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருத்துவத்துக்குப் புள்ளி போதுமா?" போதவில்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

1988இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு உயிரியல் படிக்கப் போனேன். 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. முன்பு ராணுவ முகாமாக இருந்த மிண்டன் மேட்டில் இருக்கிறது. முதல் மாதம் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்ட திகைப்பை இன்றும் மறக்கவில்லை. ஒரு கட்டடத்தில் மருந்தியல், அடுத்ததில் கணிதம், அப்பால் வீடமைப்பும் நகரத் திட்டமிடலும். போதைப்பொருளைப் பற்றி ஆராய்வதற்கென்றே தனி மையம். எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பின்பக்கம் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிற கெத்தும் இலைச் சாற்றை அங்கே ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள்! அது மனிதனை எப்படிப் பிடிக்கிறது, வலியை எப்படிக் குறைக்கிறது, விட்டால் என்ன ஆகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. திட்டினோம், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான அதிர்ச்சி இரண்டாம் வருடம் வந்தது. பூச்சியியல் வகுப்பு. விரிவுரையாளர் பேச்சுவாக்கில், செம்பனைப் பூவுக்கு முன்பெல்லாம் கையால் மகரந்தம் தூவினார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படித் தூவியவள் என் அம்மா.

அம்மா அதைப் 'பவுடர் அடிக்கிற வேலை' என்பாள். இளஞ்செம்பனை பூக்கத் தொடங்கும் முதல் சில வருடங்களில் அந்த வேலை இருக்கும். ஆண் பூக்குலையை வெட்டி, உலர்த்தி, தூளை உதிர்த்து, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரோடு கலப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு பெண்கள் நிரை நிரையாக நடந்து, விரிந்திருக்கும் பெண் பூக்குலையைத் தேடிப்பிடித்து மேலே அடிக்க வேண்டும். இன்று தப்பினால் பூ முற்றிவிடும், அந்தக் குலை பிஞ்சிலேயே பாழ். அம்மா மட்டையை விலக்கிப் பார்க்காமலே, மரத்துக்கு நாலு அடி தள்ளி நின்று, "இன்னிக்கு விரிஞ்சிருக்கு" என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "சோம்பு வாசம் அடிக்குதுல்ல" என்பாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அவள் சேலையிலும் சோம்பு வாசம்தான்.

1981க்குப் பிறகு அந்த வேலை நின்றுபோனது. ஏன் நின்றது என்று தோட்டத்தில் யாரும் சொல்லவில்லை. மேற்பார்வை பார்க்கும் மண்டோர், காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது அம்மாவை வேறு கும்பலில் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். ஏன் என்ற காரணத்தை நான் பல்கலைக்கழக நூலகத்தில் போய்த் தேடிப் படித்தேன்.

செம்பனையின் மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று அதுவரை புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனில், யாரும் கையால் தூவாமலே குலைகள் நிறையப் பழம் பிடித்தன. அங்கே வேலை பார்த்திருந்த தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சனுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அங்கே பிடிப்பது இங்கே ஏன் பிடிக்கவில்லை? ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குப் போனார். பூக்குலைகளைப் பூச்சி புகாதபடி மூடியும் மூடாமலும் வைத்துப் பார்த்தார். காற்று இல்லை, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். அது ஆண் பூவிலேயே பிறந்து, அதையே தின்று, அங்கேயே பெருகுகிறது. பெண் பூ விரியும்போது அதிலும் அதே வாசனை வருவதால், ஏமாந்து அங்கேயும் போகிறது. உடம்பெல்லாம் மகரந்தம். வேறு பயிர்களைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்றெல்லாம் சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அதை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அந்த வாசனைக்கும் பெயர் இருக்கிறது, எஸ்ட்ராகோல். சோம்பிலும் அது இருக்கிறது. அம்மாவின் மூக்கும் வண்டின் உணர்கொம்பும் ஒரே பொருளைத் தேடித்தான் அந்த மரங்களுக்கு நடுவே அலைந்திருக்கின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மா கையிலிருந்த அந்த ஒரு டப்பா பவுடருக்குள் எத்தனை துறைகள்! பூவைப் படிப்பது தாவரவியல். வண்டைப் படிப்பது பூச்சியியல். வாசனையைப் பிரிப்பது வேதியியல். வெளிநாட்டு உயிர் ஒன்றை உள்ளே விடலாமா என்று பார்ப்பது சூழலியல். வண்டு வந்ததால் தோட்டத்துக்கு என்ன லாபம் என்பது பொருளாதாரம். வேலை போன பெண்கள் எங்கே போனார்கள் என்பது சமூகவியல். இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்கு நூலகத்தில் விடை கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது. அம்மா மருந்தடிக்கும் கும்பலுக்குப் போனாள். முதுகில் தொட்டி, கையுறை கிடையாது. சில வருடங்களில் அவளுடைய விரல் நகங்கள் வெளுத்து, கழன்று, கோணலாக முளைத்தன. பாராகுவாட் களைக்கொல்லி நகத்தை அப்படித்தான் செய்யும் என்பது மருத்துவ நூல்களில் இருக்கிறது. அந்த மருந்தை நம் நாடு முழுமையாகத் தடை செய்தது 2020இல்தான். தொழில்சார் மருத்துவம் என்று ஒரு துறை உண்டு. எங்கள் ஊரிலிருந்து டாக்டரானவர்களில் ஒருவராவது அந்தத் துறைக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

டாக்டர் படிப்பே ஒரே படிப்பு இல்லை. 1998-99இல் பேராக், நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவி, நாட்டில் 105 பேர் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, இது வேறு கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் சுவா காவ் பிங். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்காரும் டாக்டரும் டாக்டர்தானே. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் (ம.இ.கா.) கல்விக்கழகம் 2001இல் தொடங்கியது. ஊரில் எல்லாரும் அதை 'மெடிக்கல் காலேஜ்' என்றே சொல்கிறோம். உள்ளே பல் மருத்துவம், மருந்தியல், உயிர்த்தொழில்நுட்பம், வணிகம், பொறியியல் எல்லாம் இருக்கின்றன. வேலிக்கு வெளியே இருக்கிற எங்கள் பேச்சில் அவை வருவதே இல்லை.

பால்மரத்துக்கும் இதே கதைதான். அப்பா வெட்டிய மரத்தை 'ஆறுநூறு' என்பார். அது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம். ஜாவாவிலிருந்து வந்த ஒரு மரத்தையும், சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ஒரு மரத்தையும் சேர்த்து உருவாக்கியது. அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அப்பா முப்பத்தைந்து வருடம் அந்த மரத்தின் பட்டையைத் தொட்டவர். அதன் தாய் தந்தை யாரென்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. நான் சொன்னபோது, "அப்படியா, அதான் இதுக்கு காத்துல கிளை முறியுது, பால் மட்டும் குறையல" என்றார். ரக விவரக் குறிப்பிலும் கிட்டத்தட்ட அதேதான் எழுதியிருக்கும்.

இதைத்தான் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். தோட்டம் எப்போதுமே ஆராய்ச்சிக்கூடமாகத்தான் இருந்திருக்கிறது. ரகம் பார்த்தார்கள், உரம் பார்த்தார்கள், வெட்டும் கோணத்தையும் நாளையும் மாற்றிப் பார்த்தார்கள், செம்பனைக்கு நடுவே பெட்டி வைத்து ஆந்தை வளர்த்து எலியை ஒழித்தார்கள். (அந்தப் பெட்டிகள் வந்த புதிதில் எங்கள் லயத்துப் பாட்டிகள் பயந்து நடுங்கினார்கள். கூகை அலறினால் வீட்டில் சாவு என்று வளர்ந்தவர்கள், பாவம்.) எல்லா ஆராய்ச்சியிலும் நாங்கள் இருந்தோம், வெட்டுகிற கையாக, தூவுகிற கையாக, எண்ணிச் சொல்கிற வாயாக. கேள்வியைக் கேட்டவர்கள் மட்டும் எப்போதும் வேறு யாரோ.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடித்த பாடம் வகுப்பறையில் நடக்கவில்லை. மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற சதுப்புக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். நான் மீன் வாங்கப் போகிற இடம்! பினாங்கிலிருந்து என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து என் ஊரையே எனக்குக் காட்டினார்கள். முழங்கால் சேற்றில் நின்று, உதிர்ந்த இலைகளை வலையில் பிடித்து, உலர்த்தி எடைபோட்டோம். ஒரு காடு காற்றிலிருந்து எவ்வளவு கரியை (கார்பனை) பிடித்துவைக்கிறது என்று கணக்குப் போடுவதற்காக. இன்று உலகமே பேசுகிற அந்தக் கணக்கை எங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போதே மெர்போக்கில் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒருவர் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக் கற்பிக்கிறார், இன்னொருவர் சேற்றில் இறங்கிக் கற்பிக்கிறார். எனக்குச் சேறு ஒத்துவந்தது.

அதே மெர்போக், அதே பூஜாங் பள்ளத்தாக்கு, வேறொரு துறைக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மெர்போக் போகிற பக்கத்தில் சுங்கை பத்து இருக்கிறது. செம்பனைக்கு நடுவே மேடு மேடாகக் கிடந்த நிலம். 2009 முதல் என் பழைய பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மையம் அங்கே தோண்டியது. உள்ளே இரும்பு உருக்கிய உலைகள், கசடு, உலைக்குக் காற்று ஊதும் மண்குழாய்கள் குவியல் குவியலாக. படகுத்துறை என்று கருதப்படும் செங்கல் கட்டுமானங்கள். வட்டமான அடித்தளத்தின் மேல் சதுரமாக எழுப்பிய ஒரு வழிபாட்டு மேடை. அது கி.பி. 110ஐச் சேர்ந்தது என்று அகழாய்வுக் குழு சொன்னது. காலக்கணிப்பு பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும், வாதம் இல்லாத இடத்தில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கும் பொருள்களில் 'காழகத்து ஆக்கம்' என்று ஒன்று வருகிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம். அந்தக் கடாரத்தை எங்கள் கெடாவில்தான் வைக்கிறார்கள். அப்படியானால் சுங்கை பத்து மண்ணைப் புரிந்துகொள்ளப் புவியியலாளர் வேண்டும், உலோகவியலாளர் வேண்டும், கரியைக் கொண்டு காலம் கணிக்கிற இயற்பியலாளர் வேண்டும், சங்க இலக்கியம் படித்த ஒருவரும் வேண்டும். அந்தக் கடைசி நாற்காலியில் உட்காரத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்? 2013இல் இதே பள்ளத்தாக்கில், சண்டி என்று இங்கே சொல்கிற பழங்கோயில் ஒன்றின் அடித்தளத்தை வீட்டுமனைக்காக இயந்திரம் வைத்து இடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. அதன் மதிப்பை அறிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் கூடுதலாக இருந்திருந்தால், ஒருவராவது இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தாத்தாவைப் பற்றியது. பாட்டி ஒரே ஒரு முறை சொன்னாள்: "உங்க தாத்தா அப்போ ஹார்வர்டுல தொண்டர் படையில இருந்தாரு." கேட்டதற்குத் தாத்தா, "அது அந்தக் காலம்" என்றதோடு எழுந்து போய்விட்டார். மூன்றாம் வருடத்தில், உயிரியல் அலமாரிக்குப் போகிற வழியில், வரலாற்று அலமாரியில் கை நின்றது. மலாயாத் தொழிற்சங்க வரலாறு பற்றிய ஆங்கில நூல். கடைசிப் பக்கங்களில் இருந்த சொல்லடைவில் பீடோங். 1946-47இல் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது, கள்ளை ஒழிக்கக் கிளம்பியது, கள்ளுக்கடை மறியலில் போலீசோடு மோதல், கைதுகள், எல்லாம் அச்சில் இருந்தன. தாத்தாவின் பெயர் இல்லை. ஆனால் அவர் நின்ற தெருவின் பெயர் இருந்தது. நூலக மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைக் கையாலேயே படியெடுத்தேன். ஊருக்கு வந்து தாத்தாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "கூட்டம் அவ்ளோ சின்னது இல்லடா" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். அதை நான் ஒலிநாடாவில் பதியவில்லை. வாய்மொழி வரலாறு என்று ஒரு முறை இருப்பதும், அதைப் பல்கலைக்கழகத்தில் கற்றுத்தருகிறார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வருடம் தாத்தா போய்விட்டார்.

தமிழைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது, சமஸ்கிருதமா தமிழா என்று பேச்சு எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். 1956இல் துறை வந்தது. தனிநாயகம் அடிகள் அங்கே பேராசிரியராக இருந்தபோதுதான், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தன் பிள்ளைக்குச் சீட்டுக் கேட்காமல், ஒரு துறை வேண்டும் என்று பணம் கொடுத்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் இன்று "தமிழ் படிச்சு என்ன பண்ணப் போற" என்று கேட்கிறோம்.

சரி, வேலை? தம்பியும் அதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாப் படிப்புக்கும் மறுநாளே வேலை என்று நான் பொய் சொல்லவில்லை. தொல்லியலுக்கு இடங்கள் குறைவு, வரலாற்றுக்கும் அப்படித்தான். விவசாய அறிவியலுக்குத் தோட்ட நிர்வாகம், விதை, உரம், செம்பனை வாரியத்தின் ஆய்வு என்று வழிகள் இருக்கின்றன. "துரை பங்களாவில இருந்தவன் எல்லாம் இந்தப் படிப்பைத்தான் படிச்சான் தம்பி" என்றேன். அது அவர் முகத்தைக் கொஞ்சம் மாற்றியது. ஆனால் என் மனசு அந்தப் பதிலில் நிறையவில்லை.

அந்தப் பெண் அதுவரை கதவருகே நின்றிருந்தாள். நான் அவளிடம், செம்பனையில் அடித்தண்டு அழுகுகிற நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டேன். கானோடெர்மா என்ற பூஞ்சை. மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் ஆய்வாளர்களின் பெரிய தலைவலி.

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "காளான் வர்றதுக்கு முன்னாலயே தெரியும் சார். நடுக்குருத்து விரியாம ரெண்டு மூணு ஈட்டியாட்டம் நிக்கும். கீழ மட்டை பாவாடை மாதிரி தொங்கும். அந்த மரத்துக்கு ஏணி வைக்க மாட்டேன் நான்."

"இதை எங்கப்பா யார்கிட்டயும் சொன்னதே இல்ல மாமா" என்றாள் அவள்.

"யாரு கேட்டா?" என்றார் அவர்.

இப்போது அவள் இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி மறுபடி என் வாசலில் நின்றார். கையில் அதே போன். முந்தின இரவு மகள் கூப்பிட்டு, குருத்து விரியாமல் நிற்கிற மரங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாளாம், ஒவ்வொன்றும் எந்த நிரையில் இருக்கிறது என்று எழுதி. விரியாத குருத்து எத்தனை என்று எண்ணியும் சொல்ல வேண்டுமாம். கிட்டப் போய் எடுத்தால் குருத்து தெரியவில்லை, தள்ளி நின்று எடுத்தால் இலைதான் தெரிகிறது.

"நீங்க கொஞ்சம் வந்து எடுத்துக் குடுங்க சார். பதினொரு மரம் பாத்து வச்சிருக்கேன்."

காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.